நெல் துழாவும் ஓசை

மதிவதனி படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆனால் மாமியார் கமலாம்பாள் காபி டம்ளரைக் கட்டிலருகே வைத்துவிட்டு, "மத்தியானம் கூடத்துல நடந்தியா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க அத்தை."

"கொல்லை வரைக்கும் கேட்டுச்சு. சர்ரு சர்ருன்னு. ஆளு இல்லாதப்போ மட்டும் நடக்கத் தெரியுது."

அந்த ஓசை மதிவதனிக்கும் கேட்டிருந்தது. அத்தைதான் நெல் துழாவுகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

கூடம் முழுக்க நெல். ஈரம் அதிகமென்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்ட பங்கை, மழைக்குப் பயந்து வீட்டுக்குள் பரப்பியிருந்தார்கள். சுவரோரம் ஓர் ஆள் நடக்கத்தான் வழி. புழுங்கிய வைக்கோலும் சேறும் கலந்த அந்த வாசனை நிலைப்படி தாண்டி வந்து அவள் தலையணையில்கூடத் தங்கியிருந்தது.

போன வருஷ அறுவடையில் குத்தாலம் சாலையில் இதே வாசனைதான். பாதிச் சாலையில் காயப்போட்ட நெல்லைப் பாதங்களால் தள்ளித் தள்ளித் துழாவிக்கொண்டிருந்தாள் வேம்பு என்ற கூலிக்காரி. நூல் பிடித்ததுபோல் இரட்டைத் தடம் விழும். மதிவதனியின் ஸ்கூட்டர் நெல்லில் வழுக்கி அவள் மேல் மோதியது. வேம்பு அந்த நெல்லின் மேலேயே இறந்துபோனாள். மதிவதனிக்கு ஒரு கீறல் இல்லை. மறுநாள் காலையில் வலது கால் கல்லாகக் கிடந்தது.

தஞ்சாவூர் டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். எலும்புக்கும் நரம்புக்கும் ஒன்றுமில்லை, மூளையிலிருந்து காலுக்குப் போகிற சேதிதான் வழியில் தடுமாறுகிறது, இது நடிப்பில்லை, நிஜமான நோய் என்றார். வீட்டார் காதில் விழுந்தது 'ஒன்றுமில்லை' மட்டும். வெள்ளிக்கிழமைக்குள் நடக்காவிட்டால் கீழ்வேளூரில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிடுவது என்று பேச்சு. கணவன் இளஞ்செழியன் மறுத்துப் பேசவில்லை.

சுவரைப் பிடித்து அந்தக் காலை இழுத்து நகரும்போது எழும் ஓசை, வேம்பு நெல் துழாவிய அதே ஓசை. இதை மதிவதனி யாரிடமும் சொன்னதில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வானம் கறுத்தது. களத்துக் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூட அம்மாவும் மகனும் ஓடினார்கள். மின்சாரம் போனது. அவர்கள் திரும்பும்போது வாசற்படியில் நின்று காட்ட வேண்டும் என்று அவளுக்கு வெறியாக வந்தது. பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள்: முன்னால் போக மறுக்கிற கால் பின்னால் போகும், பாதத்தைப் பார்க்காதீங்க.

சுவரைத் தடவியபடி, வாசலுக்கு முதுகு காட்டிப் பின்னோக்கி நடந்தாள். வலது கால் எழும்பியது. பதிந்தது. மறுபடி எழும்பியது. ஓடு மேல் மழை பெய்யத் தொடங்க, இத்தனை மாதத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

சர்ரு.

நின்றாள். கால் இழுபடவில்லையே.

சர்ரு. சர்ரு.

இருட்டில் நெல் நகர்ந்தது. கூடத்தின் மறுகோடியில். ஒரு பாதம் போக நெல் விலகியது. இன்னொரு பாதம் போக விலகியது. யாருமில்லை.

அவள் முதுகு வாசற்கதவில் இடித்தது. கதவு திறந்தது. தோளுக்கு மேலாக டார்ச் வெளிச்சம் கூடத்தில் விழுந்தது. சுவருக்குச் சுவர் நேர்நேரான இரட்டைத் தடங்கள்.

"நீயாடி துழாவின?" கமலாம்பாளின் குரல் உடைந்தது. "நடக்குறியேம்மா. நல்லா நடக்குறியே."

மதிவதனி தன் பாதங்களைப் பார்த்தாள். ஒரு நெல்மணிகூட ஒட்டியிருக்கவில்லை.

வெளிச்சம் எட்டாத ஓரத்தில் கடைசித் தடம் சுவரைத் தொட்டு, திரும்பி, நேராக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. கிட்டே. இன்னும் கிட்டே.

யார் சொல்லியும் கேட்காத வலது கால், தெரிந்தவர் வருவதுபோல், மெல்ல நகர்ந்து வழிவிட்டது.