ஒதுங்கி நின்றவர்கள்

முன்னாலும் பின்னாலும் ஒருவரும் இல்லாத பாதையில், அந்தக் குதிரை வேலியோடு வேலியாக உடம்பை ஒட்டிக்கொண்டு யாருக்கோ வழி விட்டு நின்றிருந்தது.

தனக்காகத்தான் என்று முதலில் நினைத்தான் டெரிக் ஹாப்குட். தன் சைக்கிள் வந்தால் உலகமே ஒதுங்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் அவன். ஆனால் குதிரை அவனைப் பார்க்கவேயில்லை. அதன் காதுகள் அவன் வந்த வழியில், அவனுக்கும் பின்னால் வெகுதூரத்தை நோக்கி விறைத்திருந்தன.

கடிவாளத்தைப் பிடித்தபடி நின்ற திருமதி யெல்லண்ட் கை காட்டி நிறுத்தினாள். "தம்பி, கொஞ்சம் நில்லுங்க. மூணேகால் ஆச்சுன்னா என் குதிரை பிஸ்கட் இங்க ஒதுங்கிடுவான். அஞ்சு நிமிஷத்துல அவனே நகருவான். அதுவரைக்கும் நாங்க யாரும் முன்னால இருக்கிற பழைய ரயில் சுரங்கத்துக்குள்ள போறதில்ல."

"யாருக்கு வழி விடுறாராம், உங்க குதிரையார்?"

"தெரியாது. அவன் ஒதுங்கினா நானும் ஒதுங்கிடுவேன், அவ்வளவுதான்."

டெரிக்குக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பாதையில் ரயில் நின்று, தண்டவாளத்தைப் பெயர்த்து அறுபது வருஷம் ஆகிறது. இப்போது இது நாய் பிடித்து நடப்பவர்களும், சேற்றுக் காலணிக் கிழவிகளும், அவர்களுடைய கொழுத்த குதிரைகளும் அசைந்து போகிற பாதை. இந்தக் கும்பலை அவனுக்குக் கண்டாலே ஆகாது. அரை மைலுக்கு முன்புதான் கைகோத்து நடந்த ஒரு கிழத் தம்பதியைப் பார்த்து, "ஓரமாப் போகத் தெரியாதா? இதென்ன உங்க வீட்டுக் கூடமா?" என்று கத்திவிட்டு வந்திருந்தான். கிழவர் மனைவியை முள்புதருக்குள் இழுத்துக்கொண்டு, மன்னிப்பு வேறு கேட்டார். மணி அடித்திருக்கலாம்தான். எடை கூடுகிறதென்று மணியை அவன் எப்போதோ கழற்றி எறிந்திருந்தான்.

இந்த ஹாலக்கோம் சுரங்கத்தை ஐம்பத்தொரு விநாடியில் கடந்து, சைக்கிள்காரர்களின் வேகத்தைப் பதியும் கைப்பேசிச் செயலியின் பட்டியலில் இரண்டு வருஷம் முதலிடத்தில் இருந்தவன் அவன். போன வாரம் ஒரு பல் வைத்தியன் ஐம்பதில் கடந்துவிட்டான். பல் பிடுங்குகிறவன்! அன்றிலிருந்து டெரிக்குக்குத் தூக்கமில்லை. இன்று ஒரு குதிரைக்காக நிற்பதாவது? கிழவியின் காலணியில் சேறு தெறிக்க மிதித்துக்கொண்டு உள்ளே போனான்.

ஈரக் கரியும் பாசியும் கலந்த பழைய வாடை மூக்கில் ஏறியது. ஆள் அசைவு பட்டால் எரிகிற விளக்குகள் அவனுக்கு முன்னால் ஒவ்வொன்றாக விழித்து, அவன் கடந்ததும் பின்னால் ஒவ்வொன்றாக அணைந்தன. கூரையிலிருந்து சொட்டும் நீரின் சத்தம் செங்கல் சுவர்களில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. ரயில் வரும்போது தொழிலாளிகள் ஒதுங்கி நிற்பதற்காக, சுவரில் ஓர் ஆள் அளவுக்குக் குடைந்த மாடங்கள் இருபக்கமும் கரிய வாய் திறந்து பின்னோக்கி ஓடின.

முதுகில் காற்று பட்டது. பின்காற்று! சுரங்கத்துக்குள் இப்படியொரு காற்றை அவன் பார்த்ததே இல்லை. வெதுவெதுவென்று, எண்ணெய் மணத்தோடு, பெரிய கை ஒன்று மெல்லத் தள்ளுவதுபோல் அது தள்ளியது. வேகம் ஏறியது. பல் வைத்தியன் ஒழிந்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான்.

இடப்பக்க மாடத்தில் ஒருவர் நின்றிருந்தார். சுவரைப் பார்த்தபடி, நெற்றியைச் செங்கல்லில் அழுத்தியபடி. அடுத்ததில் ஒரு பெண், பக்கத்தில் ஒரு நாய். அதற்கடுத்ததில் தொப்பி வைத்த ஆள். பரவாயில்லையே, இந்தச் சனங்களுக்கும் கடைசியில் ஒதுங்கத் தெரிந்துவிட்டதே என்று நினைத்தான். நன்றி சொல்லவில்லை. அவன் யாருக்கும் சொல்வதில்லை.

பிறகுதான் அவர்கள் காதைப் பொத்தியிருப்பதைக் கவனித்தான்.

மணியில்லாத ஒரு சைக்கிளுக்கா?

சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. மிதிப்பதை நிறுத்தினான். சைக்கிள் நிற்கவில்லை. காற்றே அதை உருட்டியது. வேகம் குறையவில்லை, கூடியது. பின்னால் அணைந்திருந்த விளக்குகள் மறுபடி எரியத் தொடங்கின. தூரத்தில் ஒன்று. இன்னொன்று. இன்னும் கிட்டத்தில் ஒன்று. கீழே தரை அதிர்ந்தது. பற்கள் கிடுகிடுத்தன.

வெளிச்சமான சுரங்க வாய் இன்னும் இருநூறு மீட்டரில். முடியாது. அவனுக்குத் தெரிந்துவிட்டது.

சைக்கிளைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடினான். இடப்பக்க மாடம். ஆள். வலப்பக்கம். ஆள். அடுத்தது. ஆள். எல்லாம் நிறைந்திருந்தன. ஒன்றில்கூட இடமில்லை. வாழ்நாளில் முதல் முறையாகக் கெஞ்சினான்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க. தயவு செஞ்சு. ஒரே ஒரு ஆளுதான்."

ஒருவரும் திரும்பவில்லை. ஒருவரின் மேல்கோட்டைப் பிடித்து இழுத்தான். ஈரச் செங்கல்லைத் தொட்டதுபோல் சில்லிட்டது, அசையவில்லை. சுவருக்குள் பாதி அமுங்கிய வாயிலிருந்து மரியாதையான, பொறுமையான குரல் வந்தது.

"ஓரமாப் போகத் தெரியாதா? இதென்ன உங்க வீட்டுக் கூடமா?"

பின்னாலிருந்து பாய்ந்த ஒற்றை வெளிச்சத்தில் அவனுடைய நிழல் அவனுக்கு முன்னால் விழுந்து, சுரங்க வாய்வரை நீண்டது.

இருபக்கமும் மாடங்களில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.