திருமயம் தாண்டியாச்சு

உமையாள் எதையும் அனுப்பவில்லை. பழைய கம்ப்யூட்டரில் நெட் கேபிளைச் செருகிவிட்டுக் கையை எடுத்ததோடு சரி. ஆனாலும் திரையின் கீழ் ஓரத்தில் ஏதோ மெயில் போய்க்கொண்டிருப்பதாகச் சொல்லும் பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

காரைக்குடியில் அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பங்காளிகள் அத்தனை பேருக்கும் அதில் பாத்தியம் உண்டு. வெள்ளையடிக்கும் பேச்சு வந்தால் மட்டும் ஒருத்தருக்கும் அது ஞாபகம் இருக்காது. குடியிருப்பது உமையாளும் ஏழு வயது மகள் மீனுவும்தான். ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்து, மறுபடியும் எப்போது பிடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த சாயங்காலம் அது. பூட்டிக் கிடந்த அறைகளிலிருந்து நனைந்த சுண்ணாம்பு வாசனை கிளம்பி வந்தது. நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் மீனு சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தாள். சக்கரம் தூணைச் சுற்றிச் சுற்றி ஓடும் சத்தமும், சுற்றுக்கு ஒரு தரம் அவள் அடிக்கும் மணியும் முகப்பு அறைவரை கேட்டன.

உமையாளின் கணவன் கார்த்திகேயன் இறந்து நாலு வருஷமாகிறது. சென்னையில் வேலை, வெள்ளிக்கிழமையானால் காரில் வீடு. ஊரே வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்க, அவன் மட்டும் டீக்கு நிறுத்தும் இடத்திலெல்லாம் மெயில் போடுவான். "அதுதான் அழியாது" என்பான். கடைசியாக வந்தது, 'புதுக்கோட்டை தாண்டியாச்சு.' திருமயம் வருவதற்குள் எதிரே ஒரு லாரி வந்தது. அடுத்த மெயில் வரவில்லை.

அழியாதென்று அவன் சொன்ன மெயில்களெல்லாம் இந்தப் பழைய பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன. ஒரு மாதமாக அது உள்ளுக்குள் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. மீனுவுக்கு அப்பச்சியின் குரல் ஞாபகமில்லை; அப்பாவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் எழுதியதையாவது பெரியவளாகிப் படிக்கட்டும் என்றுதான் உமையாள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாள். கடைக்காரர் பாண்டிமுருகன் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்துவிட்டுப் போகும்போது சொன்னார்: "பழசுக்கும் நெட்டைக் குடுத்துருங்க ஆச்சி. இங்குட்டு உள்ளதெல்லாம் அங்குட்டுத் தானா ஏறிக்கிரும். நீங்க ஒண்ணும் தொட வேணாம்."

பச்சைக் கோடு முடிந்து மறுபடி தொடங்கியது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அவன் போன புதிதில் அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்து அவனுக்கு மெயில் எழுதியிருக்கிறாள். நெட்டைத் துண்டித்த பிறகுதான் எழுதத் தொடங்கினாள். எங்கும் போகாது என்ற தைரியம். எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்தினால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும். மீனு பள்ளிக்கூடம் சேர்ந்தது, மாமியார் பேசிய பேச்சு, பங்காளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டது, எல்லாம். நாள்பட நாள்பட எழுதுவது நின்றது. மறந்தே போனாள். அத்தனையும் உள்ளேயே காத்துக் கிடந்திருக்கிறது.

முதல் மெயில் திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரியே இல்லையாம். அதை அவன் கம்பெனி எப்போதோ மூடியிருக்கும். அடுத்ததும் திரும்பியது. அதற்கடுத்ததும். 'டிங்', 'டிங்' என்று ஒவ்வொன்றாக வந்து விழ, உமையாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புக்கூட வந்தது.

ஒன்று மட்டும் திரும்பவில்லை.

எது என்று பார்க்காமலே தெரிந்தது. கருமாதி முடிந்த ராத்திரி எழுதியது. 'எங்க இருக்கீக? என்னால முடியல. வந்து எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருங்க.'

'டிங்.'

திரும்பி வந்த மெயில் இல்லை. அவள் அனுப்பியதை அந்தப் பக்கம் திறந்து படித்தாகிவிட்டது என்கிற ரசீது. கார்த்திகேயன்தான் அந்த வசதியை வைத்துக் கொடுத்திருந்தான், 'படிச்சீகளா இல்லையான்னு நீ சண்டை பிடிக்க வேண்டாம்' என்று கேலி செய்துகொண்டே.

பாண்டிமுருகனுக்குப் போன் போட்டாள்.

"அட, அது ஒண்ணுமில்ல ஆச்சி. அந்த முகவரியை வேற ஆளுக்குக் குடுத்திருப்பாக. இதுக்குப் போயி இப்புடிப் பதறுறீகளே."

"அப்ப மத்ததெல்லாம் ஏன் தம்பி திரும்பி வருது?"

"காலையில வந்து பாக்குறேன் ஆச்சி" என்று வைத்துவிட்டார்.

வெளியே மழை மறுபடி பிடித்தது. வளவில் சைக்கிள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உமையாளுக்குப் பயமாக இருந்தது. கட்டின புருஷனைக் கண்டு பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அவசரமாக அடித்தாள்: 'வர வேண்டாம். நாங்க நல்லா இருக்கோம். மீனு நல்லாப் படிக்கிறா. தயவுசெஞ்சு வராதீக.' அனுப்பினாள்.

உடனே திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரி இல்லை.

மறுபடி அனுப்பினாள். இல்லை. மறுபடி. இல்லை.

பிறகு, புதுக் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. பழையது இல்லை, புதியது. பளபளவென்ற அந்தத் திரையில் கார்த்திகேயனின் பெயர். தேதி, இன்றைய தேதி.

'இப்பத்தான் பாத்தேன் உமா. கெளம்பிட்டேன்.'

அவளை உமா என்று கூப்பிட வேறு ஆளில்லை. பழைய கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். பல்லைக் கடிக்கும் சத்தம் நின்றது. அது நின்ற பிறகு வீடு ரொம்பப் பெரியதாகத் தெரிந்தது. நனைந்த சுண்ணாம்பு வாசனையோடு இப்போது இன்னொரு வாசனையும் சேர்ந்திருந்தது. பெட்ரோல்.

'டிங்.'

'வழியெல்லாம் மழை. மீனுவுக்குத் தலை நனையாமப் பாத்துக்க.'

'டிங்.'

'திருமயம் தாண்டியாச்சு.'

வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டாள். அந்த ஊரை அவன் தாண்டியதே இல்லை. புதுப் பெட்டியின் வயரையும் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

'கானாடுகாத்தான்.' அங்கிருந்து காரைக்குடி கொஞ்ச தூரம்தான்.

ஓடினாள். முகப்புக் கதவின் இரண்டு பலகையையும் இழுத்து அடைத்தாள். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். குறுக்கே இரும்புக் கம்பி. கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். மூச்சு வாங்கியது. வாசலில் மழை. வேறு சத்தமில்லை. காரும் இல்லை, காலடியும் இல்லை.

சைக்கிள் சத்தமும் இல்லை.

"மீனு?"

மணி ஒரு தரம் அடித்தது. சைக்கிள் சாயும் சத்தம். அதன் பின் மகளின் குரல், சந்தோஷமாக: "அம்மா! அப்பச்சி வந்துட்டாக!"

முன்தெருவில் கார் நிற்க இடமிருக்காது. அவன் எப்போதும் பின்தெருவில்தான் நிறுத்துவான்.

அந்த வீடுகளில் வாசல்கள் ஒரே நேராக இருக்கும். முகப்பிலிருந்து பார்த்தால் வளவு, அதைத் தாண்டி இரண்டாங்கட்டு, அதையும் தாண்டிப் பின்கட்டு. உமையாள் திரும்பினாள். நேர்கோட்டில் ஒவ்வொரு கதவும் அகலத் திறந்திருந்தது.

வளவில் யாருமில்லை. சாய்ந்து கிடந்த சைக்கிளின் சக்கரம் மட்டும் சுற்றியது.

கடைசிக் கதவுக்கு அப்பால், மழையில், ஒற்றை விளக்கு.

"மீனு!"

கால் தானாக நடந்தது. ஒரு கதவு. இன்னொரு கதவு.

கார்தான். பின்சீட்டில் மீனு உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பெல்ட் போட்டிருந்தாள். சிரித்தாள். காரின் முன்பாதியில் இடப்பக்கச் சீட்டு மட்டும்தான் மிச்சம். இன்ஜினும் ஸ்டியரிங்கும் சீட்டும் ஒன்றுக்குள் ஒன்று நசுங்கி, டிரைவர் பக்கம் ஒரு பூனைகூட உட்கார முடியாதபடி இரும்பாகக் கிடந்தது. அந்த இரும்புக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் பின்னால் நீண்டு, அவசரமே இல்லாமல், துண்டால் மீனுவின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தது.

உமையாள் வாசற்படியில் நின்றாள். அவளைப் பார்த்து முன்சீட்டின் இடப்பக்கக் கதவு திறந்தது.