ஐந்தாவது இடத்துத் தண்ணீர்

வடிதாள் வெள்ளையாக வந்திருக்க வேண்டும். முதல் நான்கும் அப்படித்தான் வந்தன. ஐந்தாவது குப்பியை எடெல்மிரா வடிகலத்தில் ஊற்றியதும் பம்பின் சத்தம் மாறியது. மார்ச்சளி கட்டியவன் மூச்சிழுப்பதுபோல அது திணறியது, தண்ணீர் இறங்க மறுத்து மேலேயே நின்றது, வெளியே சிலோயே தீவின் விடாத மழை தகரக்கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, அந்தச் சின்ன ஆய்வக அறை முழுக்க அழுகிய வெள்ளரியும் துருவும் கலந்ததுபோல ஒரு வாடை பரவியது. தாளை இடுக்கியால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

செங்காவி நிறம்.

குப்பியின் மேல் அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: இடம் ஐந்து, மார்ச் பன்னிரண்டு. ஆனால் மார்ச் பன்னிரண்டாம் தேதி அவள் ஐந்தாவது இடத்துக்குப் போகவே இல்லை. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

அன்று புயல்காற்று. விரிகுடாவின் ஐந்து இடங்களுக்கும் படகில் போய்த் தண்ணீர் எடுத்து, நுண்ணோக்கியில் நச்சுப் பாசியை எண்ணிச் சொல்வது அவள் வேலை. அந்தப் பாசியைத் தின்ற மட்டி ஆளைக் கொல்லும்; அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் மட்டி எடுக்கலாமா கூடாதா என்று பலகையில் எழுதுவார்கள். அலையைப் பார்த்துப் பயந்தாள். நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று தோன்றியது. படகுத்துறையில் மண்டியிட்டு, ஆறு வந்து கலக்கும் அந்தத் தெளிந்த தண்ணீரையே எல்லாக் குப்பியிலும் பிடித்து, எண்களைக் கொஞ்சம் முன்பின்னாக மாற்றி எழுதினாள். அவ்வளவுதான். அரைமணி நேர வேலை.

வியாழக்கிழமை கடையில் பால்தொமேரோ கேட்டான். அடுத்த வீட்டுக்காரன், மூச்சுவிடக் காற்றுக்குழாய் கட்டிக் கடலில் இறங்கி மட்டி எடுப்பவன்.

"ஏம்மா எடெல், தண்ணி எப்படி? அஞ்சாம் நம்பர் பக்கம் இறங்கலாமா?"

"பலகையில போட்டிருக்கே. இறங்குங்க."

"பலகை சொன்னா நம்பமாட்டேன். நீ சொன்னா நம்புவேன்," என்று சிரித்துக்கொண்டே போனான்.

அன்று மாலை, அங்கே எடுத்த மட்டியைத் தின்ற பால்தொமேரோவுக்கு உதடு மரத்தது. பிறகு விரல், பிறகு நாக்கு. நோயாளிகளை ஏற்றும் படகில் கொண்டுபோகும்போது, நினைவு முழுக்க இருக்க, மூச்சு மட்டும் நின்றுபோனது. மனைவி ஒத்திலியாவுக்கு அன்று பல்வலி, சாப்பிடவில்லை, பிழைத்தாள். வழியெல்லாம் அவன் வாயைத் திறந்து எதையோ சொல்லப் பார்த்தான் என்று சாவு வீட்டில் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. "உங்க கணக்கு சரின்னா, அவன் தடை போட்ட வெளிக்கடல்ல திருடித்தானே எடுத்திருக்கணும்?"

"இருக்கலாம்," என்றாள் எடெல்மிரா.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. ஊர் அவனைத் தடைமீறித் திருடியவன் என்றது. ஒத்திலியா கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள்.

இப்போது ஜூன். அந்தக் குப்பிகளை உறைபெட்டியிலிருந்து எடுக்கச் சொன்னவர் ஆய்வகத் தலைவர் டொன் ஓர்லாந்தோ. நச்சுப் பாசி பெருகிக் கடல் சிவக்கும் சிவப்பு அலையின்போது கடலின் பாக்டீரியாக்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்க அவருக்கு ஆசை. "பாசி பூக்கறப்போ அதோட கசிவைத் தின்ன விருந்தாளிங்க வருவாங்க. பாசி செத்ததும் பொணந்தின்னிங்க வருவாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் பழைய வீட்டுக்காரங்க திரும்பி வருவாங்க. கல்யாண வீடும் சாவு வீடும் ஒரே பந்தல்ல," என்று மாத்தேத் தேநீரை உறிஞ்சியபடி சொல்லியிருந்தார். ஐந்து குப்பியும் ஒரே மாதிரி இருந்தால் தன் பொய் வெளிப்படுமே என்பதுதான் அவளுக்கு இதுவரை இருந்த பயம்.

ஐந்தாவது மட்டும் வேறாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

தாளை எரித்தாள். மீதித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு குப்பிகள் உண்டு; இரண்டாவதை எடுத்தாள். படகுத்துறையில் தானே மண்டியிட்டுப் பிடித்தது, முழங்கால் நனைந்தது, மூடியைத் திருகியபோது விரல் விறைத்தது, எல்லாம் நினைவிருந்தது. ஊற்றினாள். பம்பு திணறியது. வாடை எழுந்தது.

மறுபடியும் செங்காவி.

"அடேயப்பா." பின்னால் டொன் ஓர்லாந்தோ நின்றிருந்தார். "அஞ்சாவதுல இவ்வளவு இருந்துச்சா? நீ அன்னிக்கு ஒண்ணுமே இல்லன்னு எழுதியிருக்கியே?"

"உறைஞ்சு உருகினதுல நிறம் மாறியிருக்கும்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தாளைத் தன் கையாலேயே சிறு குழலில் போட்டு மூடினார். "நகரத்துக்கு அனுப்பிப் பார்ப்போம். அதுல யார் யார் குடியிருக்காங்கன்னு தெரிஞ்சிடும்."

மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் வீட்டில் குழாயைத் திறந்தால் முதலில் ஒரு மூச்சிழுப்பும் பிறகுதான் தண்ணீரும் வந்தன. பழைய குழாய், காற்று அடைத்திருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். விறகடுப்பின் பக்கத்தில் காயப்போட்ட துணிகளில் அந்த வெள்ளரி வாடை. பக்கத்து வீட்டில் ஒத்திலியா நடக்கும் பலகைச் சத்தம் மரச்சுவர் வழியே கேட்கும். எடெல்மிரா ரொட்டி மெல்வதை நிறுத்தி, அந்தச் சத்தம் தன் பக்கம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். வந்ததில்லை. வந்து கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

சனிக்கிழமை காலை நகரத்திலிருந்து பாக்டீரியாப் பட்டியல் வந்தது. டொன் ஓர்லாந்தோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கணினித் திரையில் குனிந்திருந்தார்.

"முதல் நாலும் ஒண்ணுக்கொண்ணு அச்சு அசலா இருக்கு, அதுவே அதிசயம். ஆனா இதைப் பாரு. விருந்தாளியும் இருக்கான், பொணந்தின்னியும் இருக்கான், ஒரே நாள்ல. அது எப்படி? அதுக்கு மேல..." விரலால் திரையைத் தட்டினார். "இது கடல்ல வாழறதே இல்ல. இதுவும் இல்ல. இதெல்லாம் மனுசன் வாயில இருக்கறது. பல்லிடுக்குல, நாக்கு மேல. பாதிக்குப் பாதி அதுதான். ஏம்மா, குப்பிக்குள்ள யாராவது வாயை வெச்சாங்களா?"

அவள் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

"வெளையாட்டுக்கு நீ ஊதினியா? தும்மினியா?"

"இருக்கலாம்," என்றாள்.

சொன்ன பிறகுதான் அது எந்தச் சொல் என்று காதில் விழுந்தது. உதடு லேசாகக் கூசியது. குளிர் என்று நினைத்தாள். ஆனால் உதட்டைக் கடித்துப் பார்த்தபோது பல் பதிந்தது தெரியவில்லை.

மேலங்கியைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கினாள். கல்லறை மேட்டைச் சுற்றும் பாதையில் போகாமல் கரை வழியே ஓடினாள். ஒத்திலியாவிடம் சொல்லிவிட வேண்டும். நான் போகவில்லை, நான் பொய் எழுதினேன், அவர் திருடவில்லை. மூன்றே வாக்கியம். ஓட ஓட அதையே முணுமுணுத்தாள். பாதி வழியில் விரல் நுனிகள் மரத்தன. மணிக்கட்டு. நாக்கு ஈரமான தோல்துண்டுபோல வாயில் கிடந்தது.

ஒத்திலியா கதவைத் திறந்தாள். ஆச்சரியப்படவில்லை. அடுப்பருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. நனைஞ்சிருக்க."

"அக்கா..."

"சொல்ல வந்ததைச் சொல்லு. நாலு மாசமா காத்துக்கிட்டிருக்கேன்."

எடெல்மிரா வாயைத் திறந்தாள். நான், என்று தொடங்க வேண்டும். நாக்கு எழவில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ ஏறியது. சொல் அல்ல. குளிர்ந்தது. உப்பு. உதட்டின் மேல் வழிவதை அவள் உணரவில்லை. மடியில் விழுந்ததைத்தான் பார்த்தாள்.

செங்காவித் தண்ணீர்.

நிற்கவில்லை. மடியில், தரையில், பலகை இடுக்குகளில். ஒத்திலியா கத்தவில்லை. மாவு பிசையும் பெரிய குண்டானை எடுத்து வந்து, பிள்ளையின் வாந்தியை ஏந்திப் பிடிக்கிறவளைப்போல அவள் தாடையின் கீழ் வைத்து, இன்னொரு கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள்.

"அவருக்கும் இப்படித்தான்," என்றாள் மெதுவாக. "பேசத்தான் பார்த்தார்."

குண்டான் நிறைந்தது. எடெல்மிராவின் வாய் ஒருவழியாக மூடியது. மூச்சு இழுக்கப் பார்த்தாள். இழுபடவில்லை. நினைவு முழுக்க இருந்தது. மழை கேட்டது. அடுப்பில் விறகு வெடித்தது. நெற்றியில் ஒத்திலியாவின் கை சூடாக இருந்தது.

ஒத்திலியா அவளைப் பார்க்கவில்லை. குண்டானின் மேல் குனிந்து, காதைத் தண்ணீருக்கு வெகு அருகில் வைத்திருந்தாள். அங்கே, சிவந்த தண்ணீரின் அடியிலிருந்து, ஒரு குமிழி எழுந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. நிதானமாக, ஓர் ஆள் மூச்சு விடும் கணக்கில்.

"ம்," என்றாள் ஒத்திலியா, முகம் மலர்ந்து. "சொல்லுங்க. கேக்குது."