வெற்றிடம் விடாதவர்கள்

நேற்றுக் காலை திரையில் கடைசிக் காலிக் கட்டமும் நிரம்பியதும், சரிந்த தேயிலை மலையில் மண் அள்ளிய தோண்டி இயந்திரங்கள் தாமாகவே நின்றன. "தேட இனி எவருமில்லை" என்றது இடைவெளிமானி. தேடலை முடிக்க ஜெசிந்தா ஒப்புதல் கையெழுத்திட்டாள். இன்று அங்கேயே அவளுக்குப் பாராட்டு விழா.

ஜெசிந்தா வேதியியலாளர். தனிம அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், அக்கம்பக்கத்துத் தனிமங்களை வைத்தே அங்கே வரவேண்டியதன் எடையையும் குணத்தையும் அவள் கருவியான இடைவெளிமானி புட்டுப்புட்டு வைக்கும். மூன்று புதுத் தனிமங்கள் அப்படிச் சிக்கின. பிறகு அரசு அதனிடம் மனிதர்களைக் கொடுத்தது. நிலச்சரிவில் பிழைத்தவர்களின் உறவு, நட்பு, பேச்சு எல்லாவற்றையும் அது அடுக்கும். எங்கே ஓர் ஆள் குறைகிறதோ, அவருடைய வயது, புதைந்த ஆழம், எதுவரை மூச்சு இருக்கும் என்பதுவரை சொல்லிவிடும். தோண்டிகள் அதன் சொல்லுக்குத்தான் நகரும்.

"இது எதையாவது தவறவிடுமா, டாக்டர்?" என்று தொலைக்காட்சிப் பெண் கேட்டாள்.

வகுப்பில் வழக்கமாகச் சொல்லும் பதில் வாயில் வந்தது. "ஆர்கான், நியான் மாதிரி வாயுக்கள அந்தக் காலத்துல யாரும் முன்கூட்டிச் சொல்லல. ஒண்ணு ரெண்டு குறைஞ்சா கட்டம் காலியாத் தெரியும். இங்க ஒரு வரிசையே இல்ல. அதனால அட்டவணை முழுசாத்தான் தெரிஞ்சுது. அதுங்க எதோடயும் சேராது, அதனால யாரும் தேடவும்..."

சட்டென்று ஜெசிந்தா மீட்பு அதிகாரி சாதிக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"மலையடிப் பள்ளத்துல தொழிலாளருக்கு எத்தன லயன் வீட்டு வரிசை இருந்துச்சு?"

"ஆறு, மேடம். ஆறாவதுல வடக்கேருந்து புதுசா ஆளுங்க வந்ததாக் கேள்வி. எல்லாரும் ஒரே குடும்பம், பாஷை தெரியாம ஒதுங்கியே இருப்பாங்களாம். மெஷின் ஒண்ணும் காட்டலியே, அங்க ஆளே இல்லன்னு விட்டுட்டேன்."

"தோண்டியக் கெளப்புங்க."

"கட்டம் காட்டாம அது நகராது, மேடம். நீங்கதான அப்படிப் பூட்டி வச்சீங்க."

ஜெசிந்தா பள்ளத்தில் இறங்கினாள். சாதிக் மண்வெட்டியோடு பின்னால் ஓடினார். இருவரும் வெட்டினார்கள், கையாலும் பறித்தார்கள். நெடுநேரம் கழித்து வளையல் போட்ட ஒரு கை தட்டுப்பட்டது. சில்லிட்டிருந்தது. அவள் இடைவெளிமானியை அந்தக் கையின் ரேகைமேல் காட்டினாள்.

ஓர் ஆள் கிடைத்ததே அதற்குப் போதும். இறந்த பெண்ணைச் சுற்றி ஆறாவது வரிசை முழுவதும் கட்டம் கட்டமாகத் திரையில் விரிந்தது. கணவன், மாமியார், குழந்தைகள், கொழுந்தன் குடும்பம். தோண்டிகள் உறுமிக்கொண்டு கிளம்பின.

ஒவ்வொரு கட்டத்திலும் வயதும் ஆழமும் இருந்தன. அவற்றின் கீழே, பெரும்பாலான கட்டங்களில் ஒரே வரி: மூச்சு, நேற்று மாலை வரை.