ஏழாம் அறைக்கு ஒரு நல்ல சேதி

இன்டர்காம் அலறியது.

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே ரிசீவரை எடுத்தாள் லென்ஸ். சதைத் துணுக்கைப் பார்த்து வியாதியைக் கண்டுபிடிக்கிற டாக்டர். லென்ஸ் என்பது ஆஸ்பத்திரி வைத்த பட்டப்பெயர்.

"டாக்டரா? நீங்க எழுதப் போறீங்களே... அதை மாத்தாதீங்க. முதல்ல சொன்னதே இருக்கட்டும்." கைக்குட்டை வழியாக வந்த ஆண் குரல்.

"எதை மாத்தக் கூடாது?"

"அதான்... குனிஞ்சு... கண்ணை வெச்சுப் பாப்பீங்களே... அதுல பாத்ததை."

"மைக்ராஸ்கோப்பா?"

"அதேதான். மாத்தினா... வீட்டுக்குப் போறப்போ... கால்ல மிதிப்பீங்களே... நிறுத்தறதுக்கு... அது வேலை செய்யாது."

பயத்தை முந்திக்கொண்டு அவளுக்கு எரிச்சல் வந்தது.

"பிரேக்கா? மிரட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஒத்திகை பாத்திருக்கலாமே."

டொக்!

ரிசீவரை வைத்த பிறகுதான் யோசித்தாள். இன்டர்காம் என்றால்... கூப்பிட்டவன் இந்தக் கட்டிடத்துக்குள்ளேயே இருக்கிறான்!

எந்த ரிப்போர்ட் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஏழாம் அறை முதலாளி!

கூட்டாளியை மொட்டைமாடியிலிருந்து தள்ளிக் கொன்றதாக வழக்கு. சிறையில் வலிப்பு வந்தது. மூளையில் கட்டி. அறுவை முடிந்ததும் அவசரமாகப் பார்த்ததில், ஒரு வருஷம்கூடத் தாங்காத புற்றுநோய் மாதிரிதான் தெரிந்தது. சாகப் போகிறவரை வீட்டில் சாக விடுங்கள் என்று வக்கீல் கோர்ட்டில் உருகினார். ஜாமீன் மனு மீது நாளைக்குத் தீர்ப்பு. லென்ஸின் ரிப்போர்ட்டுக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

ஆனால் அவளுக்கு உறுத்தியது. செல்கள் பார்க்க ராட்சஸக் கூட்டம். ஆனால் புற்றுநோயில் மளமளவென்று இரண்டாகப் பிரிகிற செல்லோ தேடினாலும் அகப்படவில்லை. போதாக்குறைக்கு, பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பாம். கொல்ல வந்த புற்றுநோய்க்கு அவ்வளவு பொறுமை ஏது? மரபணு சோதனைக்கு அனுப்பினாள். இன்று காலை முடிவு வந்தது. அபூர்வமான கட்டி. கொலைகாரன் வேஷம் போட்ட சாது. முழுதாக எடுத்தாகிவிட்டதால் மனிதர் பல வருஷம் இருக்கலாம்.

சர்ஜன் அறைக்கு ஓடினாள்.

"ரிசல்ட்டை யார்கிட்ட சொன்னீங்க?"

"ரூம்லதான். அவரும் மச்சானும் இருந்தாங்க. நல்ல சேதியை எதுக்குப் பூட்டி வைக்கணும்?"

"நல்ல மனசு சார் உங்களுக்கு. எனக்கு இப்ப பிரேக் இல்லை."

விஷயத்தைக் கேட்டு சர்ஜனுக்கு வியர்த்தது. "அந்த மச்சான் வேலைதான் டாக்டர். மாமா பிழைச்சுட்டார்னதும் அவன் மூஞ்சி தொங்கிடுச்சு. வீட்டை விக்க புரோக்கர்கிட்ட பேசிட்டிருந்தான்."

முதலாளியின் காவலுக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டரிடம் சொன்னார்கள். அவருக்கு அதுவே போதும். லென்ஸும் சர்ஜனும் ஏழாம் அறைக்குள் நுழைந்தபோது மச்சானின் சட்டைக் காலர் இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது.

"வீட்டுக்கு விலை பேசினது நிஜம் சார். போன் நான் பண்ணலை. அக்கா மேல சத்தியம்."

"அக்காவை எதுக்கு இழுக்கறே? அவங்க வீட்டுக்கு விலை பேசினது போதாதா?"

தலைக்கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்த முதலாளியின் கண் கலங்கியது. "விட்டுடுங்க. பாவம், அவனுக்கு விவரம் பத்தாது. எனக்கு... கொஞ்சம்... அந்த... குடிக்கறது குடுங்க."

லென்ஸ் அப்படியே நின்றாள்.

தண்ணீரை நீட்டினாள். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"இது என்ன சார்?"

"எழுதறது."

"இது?" மணிக்கட்டைக் காட்டினாள்.

"நேரம்... பாக்கறது."

"வாட்ச் மாமா," என்றான் மச்சான், காலருக்குள்ளிருந்து.

"கடைசியா ஒண்ணு. ஓடற காரை எப்படி நிறுத்துவோம்?"

"அதான்... கால்ல மிதிப்பீங்களே... நிறுத்தறதுக்கு..."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. தண்ணீர் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"என்னை மிரட்டினப்பவும் இதையேதான் சொன்னீங்க," என்றாள் லென்ஸ். "கட்டி இருந்த இடம் அப்படி. பேச்சு இருக்கும், பொருளோட பேர் மட்டும் வாயில வராது. உங்க மச்சானுக்கு எல்லாப் பேரும் வருது, புரோக்கர் பேர் உட்பட."

"பிழைச்சுட்டார்னு எழுத வேண்டாம்னு அவரே சொல்வாரா?" சர்ஜன் வாயைப் பிளந்தார்.

"சாகப் போறார்னு ஒரு காகிதம், சாகாத ஒரு உடம்பு. ரெண்டையும் எடுத்துட்டு வெளியே போகலாம்னு பாத்தார்."

இன்ஸ்பெக்டர் காலரை விட்டார். மச்சான் கழுத்தைத் தடவிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான். கட்டிலின் தலைமாட்டில் இருந்த இன்டர்காமை எல்லோரும் இப்போதுதான் பார்த்தார்கள்.

லென்ஸ் பேனாவை மூடினாள். "கவலைப்படாதீங்க சார். நீண்ட காலம் இருப்பீங்கன்னு எழுதி கோர்ட்டுக்கு அனுப்பிடறேன். அதுக்கப்புறம் உங்களை எங்கே அனுப்புவாங்க, தெரியுதா?"

முதலாளி அவளை வெறித்தார்.

"ஜெயில்," என்றார், தடுமாறாமல்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"பரவாயில்லை டாக்டர், பேச்சு தேறிட்டு வருது."