அறுபத்து நான்காவது அட்டை

வியாழக்கிழமை காலை 8.10.

ஆய்வு மாணவர் சங்க அறையின் இரும்பு அலமாரியைத் திறந்த சங்கத் தலைவன் டெஸ்மண்ட் அப்படியே நின்றுவிட்டான். மேல் தட்டில் ஸ்டேப்ளர் இருந்தது. பழைய துண்டறிக்கைகள் இருந்தன. யாரோ பாதி தின்றுவிட்டு வைத்த பிஸ்கட் பொட்டலமும் இருந்தது. கீழ்த் தட்டில் இருக்க வேண்டிய பெட்டியை மட்டும் காணவில்லை. பூட்டு உடைபடவில்லை, ஜன்னல் திறக்கவில்லை, அறைக் கதவிலும் ஒரு கீறல் இல்லை.

பெட்டிக்குள் ஆயிரத்து நூற்றெட்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆய்வு மாணவரின் கையெழுத்து. ஒப்பந்தம் வராவிட்டால் வேலையை நிறுத்துவேன் என்று ஒரே ஒரு வரி. மறுநாள் காலை பத்து மணிக்குப் பேச்சுவார்த்தை மேசையில் நடுவர் அவற்றை எண்ணப்போகிறார்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் பாதி வகுப்புகளை நடத்துவதும், விடைத்தாள் திருத்துவதும், ஆய்வுக்கூடத்தில் கண்விழிப்பதும் இவர்கள்தான். நிர்வாகத்தைக் கேட்டால், இவர்கள் தொழிலாளர்களே அல்ல, படிக்க வந்தவர்கள் என்பார்கள். சரி, படிக்கிறோம் என்று உட்கார்ந்தால், வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடு என்பார்கள்.

பதினான்கு மாதப் பேச்சில் எல்லாம் முடிந்து, பத்தொன்பதாம் பிரிவு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கோடை மூன்று மாதமும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதுதான் அது. ஜூலை மாதம் வேதியியல் துறையின் ரசல் டெக்கர், காப்பீடு இல்லையே என்று நான்கு நாள் வயிற்று வலியைப் பொறுத்துக்கொண்டான். ஐந்தாம் நாள் குடல்வால் வெடித்துச் செத்தான். வயது இருபத்தெட்டு. அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும் டெஸ்மண்ட் அவன் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவான். தனிப்பட்ட சம்பவங்களை இங்கே பேச வேண்டாம் என்று எதிர்ப்பக்க வக்கீலும் தவறாமல் சொல்வார்.

8.25. டெஸ்மண்ட் போன் செய்ததும் மொரீன் வந்தாள். புவியியல் ஆய்வாளர், முப்பத்தேழு வயது. படிக்க வருவதற்கு முன் ஆறு வருடம் அவசர உதவித் தொலைபேசியில் வேலை பார்த்தவள். அழுகிறவர்களிடம் முதலில் நேரத்தையும் இடத்தையும் கேட்டுப் பழகிய குரல். அதனால் சங்கத்தில் அவளுக்குப் போலீஸ்காரம்மா என்று பட்டப்பெயர்.

"கடைசியா எப்பப் பார்த்த?"

"நேத்து ரெண்டரைக்கு. வக்கீலோட கடிதத்தைப் படிச்சுட்டு அலமாரிக்குள்ள வச்சேன். அப்ப பெட்டி இருந்துச்சு."

"கடிதத்துல என்ன?"

"ஒவ்வொரு அட்டையையும் அவங்ககிட்ட இருக்கிற பழைய கையெழுத்தோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்களாம். பேர் பேரா."

"கடிதம் வந்தது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் ஓவனுக்கும் பிரிஜிட்டுக்கும்தான், போன்ல படிச்சுக் காட்டினேன். சாவியும் எங்க மூணு பேர்கிட்டதான்."

"பெட்டி ஒட்டியிருந்துச்சா?"

"செவ்வாக்கிழமையே. நாலு பக்கமும் டேப். டேப் மேல என் கையெழுத்து. நான் இல்லாம ஒரு அட்டையைக்கூட உருவ முடியாது." அவன் அலமாரிக் கதவை மூடினான். "போலீசுக்குப் போனா மத்தியானத்துக்குள்ள நிர்வாகத்துக்குத் தெரிஞ்சிடும். நாளைக்கு வெறுங்கையோட போனா பத்தொன்பது போச்சு, மொரீன். ரசல் செத்தது செத்ததாவே போயிடும்."

கதவருகே ஆணியில் ஒரு வருகை நோட்டு தொங்கியது. சாவி வைத்திருப்பவர்கள் வந்த நேரம், போன நேரம் எழுத வேண்டும். புதன்கிழமைப் பக்கத்தை மொரீன் படித்தாள்.

டெஸ்மண்ட் 2.00 முதல் 2.30. அவன் ஏதோ தப்பாக எழுதி, காகிதம் கிழியும்வரை அதன்மேல் கிறுக்கியிருந்தான். ஓவன் 3.00 முதல் 3.20. பிரிஜிட் முதலில் 4.15 என்று எழுதி, அதன்மேல் ஒரே ஒரு மெல்லிய கோடு போட்டு, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் குறித்து, 4.20 என்று திருத்தியிருந்தாள். போனது 4.40.

9.05. ஓவன், கணிதம். வேலைநிறுத்தமே வேண்டாம், கொடுப்பதை வாங்கிக்கொள்வோம் என்று குழுவில் முனகும் ஒரே ஆள். சந்தேகம் முதலில் அவன்மேல்தான் விழும் என்பது அவனுக்கே தெரியும். பேகல் ரொட்டியை மென்றுகொண்டே உட்கார்ந்தான்.

"கேளுங்க போலீஸ்காரம்மா."

"நேத்து மூணு இருபதுக்குக் கையில ஒரு பெட்டியோட இறங்கினியாமே. டெஸ்மண்டோட மாணவி பார்த்திருக்கா."

"தேர்வுத்தாள். நூத்தி நாப்பது பசங்களோட கால்குலஸ். வந்து எண்ணிக்க."

"அலமாரியைத் திறந்தியா?"

"இல்ல. நான் எதிர்த்துப் பேசுறவன்தான். திருடன் இல்ல." மெல்லுவதை நிறுத்தினான். "என் அட்டையும் அதுக்குள்ளதான் இருக்கு. பிடிக்காமதான் போட்டேன், ஆனா போட்டேன்."

"சுவர்ல ஒட்டின பெயர்ப் பட்டியல்ல புள்ளி வைக்கிறது யாரு?"

"அந்தந்தத் துறை ஆளுங்க. கார்டு வந்தா பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி. வேதியியல்ல ரொம்ப நாளா ஒண்ணே ஒண்ணு வெள்ளையா இருந்துச்சு. யாருப்பா அந்த ஒரு சோம்பேறின்னு எல்லார் முன்னாடியும் நான்தான் கிண்டல் பண்ணேன். மறுநாளே பச்சையாயிடுச்சு. அறுபத்து நாலுக்கு அறுபத்து நாலு. கைதட்டுனோமே, ஞாபகம் இல்ல?"

மொரீனுக்கு ஞாபகம் இருந்தது. அவளும்தான் கைதட்டினாள்.

9.40. பிரிஜிட் ஹேல், வேதியியல். தூங்காத முகம். அட்டை சேகரித்ததில் இவளை மிஞ்ச ஆளில்லை. தயங்கிய வெளிநாட்டு மாணவர்களின் வீடு வீடாகப் போய், அவர்கள் கொடுத்த சூப்பைக் குடித்து, பயத்தைக் கேட்டு, கையெழுத்து வாங்கியவள்.

"நேத்து எதுக்கு வந்த?"

"கீழ துணி போட வந்தேன். மெஷின் ஓடுற நேரத்துல மேல வந்து உக்காந்தேன்."

"அலமாரி?"

"பூட்டியிருந்துச்சு."

"நோட்டுல அஞ்சு நிமிஷத்தைத் திருத்தியிருக்கியே."

"எங்க லேப் பழக்கம்." களைப்பாகச் சிரித்தாள். "எங்க நோட்டுல எதையும் அழிக்கக் கூடாது. தப்புன்னா ஒரே கோடு, கீழ இருக்கிறது படிக்கணும். பக்கத்துல நம்ம எழுத்து, தேதி. முதல் வருஷமே மண்டையில ஏத்திடுவாங்க. மளிகைச் சீட்டுலகூட அப்படித்தான் அடிக்கிறேன்."

10.15. சங்கத்தின் அறைக்குக் கீழேதான் லொரேனின் சலவைக் கடை. லொரேன் மடித்த துண்டுகளைத் தட்டிக்கொண்டே பேசினாள்.

"பிரிஜிட்டா? தங்கமான பொண்ணு. நேத்து அவசரமா வந்தா, துணியைப் போட்டா, மேல போனா. திரும்பி வந்து எடுத்துட்டுப் போயிட்டா."

"உலர்த்தினாளா?"

"எங்க? டிரையர் நாலும் காலியா இருந்துச்சு. கூடையை மேல கொண்டு போயிருந்தா. இறக்கிட்டு வந்து, ஈரத் துணியை அது மேல அள்ளிப் போட்டுட்டுக் கிளம்பிட்டா. வெளிய மூக்கு உறையுற குளிரு. துணி வீடு போறதுக்குள்ள பலகையாயிடுமேடின்னேன். காதுலயே வாங்கல."

10.40. மொரீன் மறுபடி மேலே ஏறினாள். சுவர் முழுக்க, நிர்வாகம் செப்டம்பரில் கொடுத்த பெயர்ப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். ஆயிரத்து முந்நூறு பெயர், எறும்பு மாதிரி எழுத்து. தினமும் எல்லாரும் அதன்முன் நின்று காபி குடிப்பார்கள். எல்லார் கண்ணும் அடியில் இருக்கும் கூட்டுத் தொகைக்குத்தான் போகும்.

இன்று அவள் கூட்டுத் தொகையைப் பார்க்கவில்லை. வேதியியல் பத்தியில் விரலை வைத்து, ஒவ்வொரு பெயராக, வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தாள். பதினோராவது பெயரில் விரல் நின்றது.

கோட்டை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.

11.20. வேதியியல் கட்டடம், நான்காம் மாடி. பிரிஜிட் தராசில் ஏதோ வெள்ளைத் தூளை நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"ரசலோட மேசை எது, பிரிஜிட்?"

கரண்டியைக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். ஜன்னலோர மேசையைக் கை காட்டினாள். இழுப்பறையில் அவன் பெயர் ஒட்டிய சீட்டு இன்னும் இருந்தது. ஜூலையிலிருந்து அதைத் திறக்க யாருக்கும் மனம் வரவில்லை.

மொரீன் திறந்தாள். பெட்டி அங்கேதான் இருந்தது. ஈரம் பட்டு ஒரு மூலை உப்பியிருந்தது. டேப் அறுந்திருந்தது.

"ஈரத் துணியை யாரும் டிசம்பர்ல தூக்கிட்டு நடக்க மாட்டாங்க" என்றாள் மொரீன் மெதுவாக. "கூடையில மறைக்க ஏதோ இருந்தா ஒழிய. நீதான்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு. ஏன்னுதான் புரியல. சுவர்ல பேரைப் படிச்சேன். டெக்கர், ரசல். பச்சைப் புள்ளி. ஜூலையில செத்தவன் நவம்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கான். தினமும் அது முன்னாடி நின்னோம். ஒருத்தரும் படிக்கல."

பிரிஜிட் உயரமான முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நிர்வாகம் பட்டியல்லேருந்து அவனை எடுக்கவே இல்ல. அவனுக்குப் பக்கத்துல வெள்ளைப் புள்ளி. ஓவனுக்குத் தெரியாது, யாரோன்னு நினைச்சான். சோம்பேறின்னான். எல்லாரும் சிரிச்சாங்க. சொல்லியிருக்கணும். வாய் வரல. அவன் இருந்திருந்தா முதல் அட்டை அவனோடதுதான், மொரீன். வீட்டுக்குப் போய் அவனுக்காக ஒண்ணு எழுதினேன். மறுநாள் எல்லாரும் கைதட்டுனாங்க. நானும் தட்டுனேன்."

"கடிதம் வந்ததும் பயந்துட்ட."

"ஒரு பொய் அட்டை இருந்தா எல்லாமே பொய்ன்னுவான் அந்த வக்கீல். அதை மட்டும் உருவிடலாம்னா டெஸ்மண்ட் ஒட்டி வச்சிருந்தான். பெட்டியோட எடுத்தேன். இங்க வச்சுப் பிரிச்சேன். திரும்ப ஒட்டி, டேப் மேல டெஸ்மண்டோட கையெழுத்தைப் போட என்னால முடியல." ஒரு அட்டையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "ஒரு பொய்க் கையெழுத்தே போதும்."

மொரீன் அட்டையைப் பார்த்தாள். பெயர் ரசல் டெக்கர், கையெழுத்து ரசல் டெக்கர். தேதியில் நவம்பர் 13 என்று எழுதி, அதன்மேல் ஒரே ஒரு மெல்லிய கோடு. பக்கத்தில் 14. அதன் பக்கத்தில், சின்னதாக, பிரிஜிட் ஹேலின் முதலெழுத்துகள்.

"உன் எழுத்தையே போட்டிருக்க" என்றாள் மொரீன்.

"பிரிச்சதுக்கு அப்புறம்தான் அதைப் பார்த்தேன். கை தானாப் போட்டிருக்கு." அப்போதுதான் அவள் அழுதாள். மொரீனுக்குத் தொலைபேசியில் எத்தனையோ அழுகை கேட்டுப் பழக்கம். இந்த முறை நேரம் கேட்கத் தோன்றவில்லை.

"இதைக் கிழிச்சுப் போட்டா முடிஞ்சது" என்றாள் பிரிஜிட். "டெஸ்மண்ட் புதுசா ஒட்டட்டும். யாருக்கும் தெரியாது."

"கிழிக்கலாம். சுவர்ல அறுபத்து நாலு, பெட்டியில அறுபத்து மூணு. அதையும் மாத்தணும். அப்புறம் அதுக்கு இன்னொரு பொய். நீ என்ன பண்ணப்போற?"

பிரிஜிட் அட்டையைத் திரும்ப வாங்கிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை 10.00.

நடுவர் வயதான அம்மாள். அவர் எண்ணத் தொடங்குமுன் பிரிஜிட் எழுந்து அந்த அட்டையைத் தனியாக மேசைமேல் வைத்தாள்.

"இது பொய். நான் போட்டது. மத்ததெல்லாம் உண்மை. பெட்டியைப் பிரிச்சதும் நான்தான்."

வக்கீல் அட்டையை எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "செத்துப்போனவர் பேர்ல போலிக் கையெழுத்து. அவங்களே ஒத்துக்கிறாங்க. அம்மா, மொத்தப் பெட்டியையும் நிராகரிக்கணும்."

நடுவர் கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தார். "இவர் எப்ப இறந்தார்?"

"ஜூலையில."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒவ்வொரு கூட்டத்திலயும் சொல்றாங்களே."

"வேலை பார்க்கிறவங்க பட்டியலை நீங்க எப்பக் கொடுத்தீங்க?"

"செப்டம்பர்ல."

"அதுல இவர் பேர் இருக்கா?"

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். ஒரு முறை. மறுபடி ஒரு முறை. "அலுவலகத்துல யாரோ எடுக்க மறந்திருப்பாங்க."

"அப்ப செத்தவர் பேர் உங்க பட்டியல்லயும் இருக்கு" என்றார் நடுவர். ரசலின் அட்டையை மட்டும் ஓர் ஓரமாக வைத்தார். மற்றவற்றைப் பழைய கையெழுத்துகளோடு ஒப்பிட்டு எண்ணத் தொடங்கினார். முடிக்க மாலை நான்கு மணி ஆயிற்று. ஆயிரத்து நூற்றேழு. அத்தனையும் நிஜம்.

மூன்று வாரம் கழித்துப் பத்தொன்பதாம் பிரிவின் ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் முதலெழுத்துப் போட்டார்கள். வரும் கோடையிலிருந்து எல்லாருக்கும் காப்பீடு உண்டு.

பிரிஜிட்டுக்கு இல்லை. போலிக் கையெழுத்துக்காக அவளை ஒரு வருடம் நீக்கினார்கள். சங்கம் அவளுக்காக வாதாடியது. அவளே ஒத்துக்கொண்ட குற்றம் என்பதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரசலைக் கோடையில் கைவிட்ட அதே காப்பீடு இவளை ஜனவரியிலேயே கைவிட்டது. நினைத்தால் நெஞ்சு எரிகிறது, வேறு என்ன சொல்வது.

ஊருக்குக் கிளம்புகிற அன்று மொரீன் அவளைச் சங்க அறைக்குக் கூப்பிட்டாள். ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் சுவர்ப் பட்டியலைக் கழற்ற வேண்டும் என்று டெஸ்மண்ட் சொல்லியிருந்தான். மொரீன்தான் வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தாள்.

ஓவன் பட்டியலின் அருகே நின்றிருந்தான். "பிரிஜிட், அந்த சோம்பேறின்னு சொன்னது..." என்று தொடங்கினான். முடிக்க முடியாமல் பேனாவை மட்டும் நீட்டினான்.

அவள் வாங்கினாள். பதினோராவது பெயரின்மேல் ஒரே ஒரு மெல்லிய கோடு போட்டாள். பக்கத்தில் தன் முதலெழுத்துகளை எழுதினாள், தேதியை எழுதினாள். அடியில் இருந்த அறுபத்து நான்கையும் அதேபோல் கோடிட்டு, அறுபத்து மூன்று என்று எழுதினாள். பிறகு தன் பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

கோட்டுக்கு அடியில் ரசலின் பெயரைப் படிக்க முடிந்தது.