உறையாத கதிர்

மற்றக் கதிர்களெல்லாம் கல்லாக இறுகிக் கிடக்க, ஒரு பொட்டலம் மட்டும் கையைச் சுட்டது.

பழனியாண்டி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். துரை பங்களாவில் சமைத்தே கிழவனானவன் அவன். இந்த ஐஸ் பெட்டி வந்திறங்கிய நாளிலிருந்தே அவனுக்கு அதன்மேல் நம்பிக்கை கிடையாது. அடியில் மண்ணெண்ணெய் விளக்கு எரியுமாம், மேலே ஐஸ் உறையுமாம். நெருப்பு குளிரைக் கொடுக்கும் என்கிறவன் நாளைக்கு எதையும் சொல்வான்.

ஆனாலும் துரை சொன்னபடிதான் செய்திருந்தான். வெயில் காலத்தில் பங்களாத் தோட்டத்துச் சோளம் பால் பிடித்ததும் ஒடித்து, அன்றைக்கே உரித்து, கொதிநீரில் முக்கியெடுத்து, பச்சைத் தண்ணீரில் ஆறவைத்து, ஈரம் ஒற்றி, துணியில் சுற்றிச் சணலால் கட்டி ஐஸ் அறைக்குள் அடுக்கினான். மழை மாதத்தில் வெண்ணெய் தடவித் தின்ன துரைக்கு ஆசை. இப்போது யட்டியாந்தோட்டை மலையே தெரியாமல் மழை கொட்டுகிறது. இரவுச் சாப்பாட்டுக்கு விருந்தாளிகள் வேறு.

சுட்ட பொட்டலத்தில் சணல் இல்லை, மஞ்சள் நூல் இருந்தது. துணியும் குசினித் துணியில்லை. பிள்ளையைச் சுற்றுகிற பழைய சேலைக் கிழிசல். பால் வாடை அடித்தது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள் மருதாயியைக் கூப்பிட்டுக் கேட்டான். முன்பு பெற்றதெல்லாம் மண்ணுக்குப் போய், ஒரேயொரு பெண்குழந்தையை மிச்சமாக வைத்திருப்பவள். அவள் மறைக்கவில்லை. காய்ச்சல் கூலிகள் குடியிருக்கும் லயங்களைக் காலிசெய்துகொண்டிருந்தபோது குழந்தைக்கும் கண்டதையும், சிங்கள வைத்தியம் பார்க்கும் தெஹியோவிட்ட வெதமாத்தயா கையை விரித்ததையும், ஒரு கதிரைக் குழந்தையின் துணியில் சுற்றி, குழந்தையின் பேரைச் சொல்லிக் குளிருக்குள் வைத்ததையும் சொன்னாள். சாவு வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்றுதான் வைத்தாளாம். அன்று பொழுது சாய்வதற்குள் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம்.

“அந்தக் காய்ச்சல் இப்ப அதுலதான் இருக்குப்பா. தானா ஆறட்டும். அவுத்துறாதீங்க.”

“கருதுக்குக் காய்ச்சலா? ஒனக்குத்தான் மண்டையில காய்ச்சல். பிள்ளை பொழைச்சது கொயினா மருந்துல.”

“பேரு வச்சுக் கட்டியிருக்கேன். ஒங்க பேத்தி பேரு.”

போய்ப் பிள்ளையைப் பார் என்று பின்னறைக்கு விரட்டினான்.

தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்தது. ரப்பர் தகடு உலர்த்தும் புகைக்கூட்டிலிருந்து புகை ஈரத்தோடு இறங்கிக் குசினிக்குள் புளித்தது. ஐஸ் பெட்டிக்குள் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. திறந்து பார்த்தான். அந்தப் பொட்டலத்தைச் சுற்றி ஐஸ் குழிந்திருந்தது. பக்கத்துக் கதிர்கள் தொட்டால் நசுங்கின. எல்லாம் கெட்டுப்போனால் துரை பங்களாவை விட்டே துரத்திவிடுவான். அப்புறம் மகளோடும் பிள்ளையோடும் அந்தக் காய்ச்சல் லயத்துக்குத்தான் போக வேண்டும்.

கதிர் கதிர்தான். வேறென்ன?

கையில் எடுத்தான். துணிக்குள் மெல்லத் துடித்தது. தன் கிழட்டு நாடிதான் துடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு நூலை வெட்டி, பார்க்காமலே கொதிக்கும் சட்டிக்குள் உதறினான்.

பின்னறையில் தொட்டில் கயிறு கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

நின்றது.

பிள்ளை அழுமென்று காத்திருந்தான். அழவில்லை. மழை மட்டும்.

அகப்பையால் கதிரைத் தூக்கினான். வெறும் சக்கை. ஒரு மணி இல்லை. சட்டிக்குள் துழாவினான். தண்ணீர் தெளிவாக இருந்தது. அங்கும் இல்லை.

கதவு திறந்தது. மருதாயி. கையில் பிள்ளை.

“அப்பா, பிள்ளை ஐஸா சில்லிட்டுக் கெடக்கு.”

விளக்கைத் தூக்கிப் பிடித்தான். பிள்ளை விழித்திருந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தது. காலையில்கூட வெறும் ஈறாக இருந்த வாய். இப்போது ஈறே தெரியவில்லை. உதட்டிலிருந்து தொண்டை வரைக்கும், வரிசைக்குப் பின் வரிசையாக, நெருக்கி நெருக்கி மஞ்சள் மணிகள். ஆவி பறந்தது.

மருதாயி பார்க்கவில்லை. சூடு ஏறட்டுமென்று முந்தானையை இழுத்து மூடி, பால் கொடுக்கப் பிள்ளையை மாரோடு அணைத்தாள்.

பழனியாண்டி பிள்ளையைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

பிள்ளை வாயைத் திறந்தது.